பட்டியலில் இல்லாத படங்கள்

டிஸ்க் மெதுவாக இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்பார்கள். இல்லாவிட்டால் குணாவின் புரோகிராம் மெதுவாக இருக்கிறது என்பார்கள். ஆளின் பெயரைச் சேர்த்துச் சொல்வது சுலபம்.

எங்கள் சங்கம் ஓய்வு பெற்றவர்களிடம் கட்டுரை வாங்கி ஒரு மலர் போடுகிறது. வேலையில் மறக்க முடியாத சம்பவத்தை எழுதுங்கள் என்றார்கள். மகிழ்ச்சியானதாக இருந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். எனக்கு மறக்க முடியாதது ஒன்றுதான். அது மகிழ்ச்சியானது இல்லை. வேண்டாம் என்றால் போடாமல் விட்டுவிடலாம். எனக்கு வருத்தமில்லை.

நான் மூன்றாம் பாரத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை விட்டவன். ஜொகூரில் கூலாய் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தேன். சேனாயில் ஒரு தொழிற்சாலையில் கொஞ்ச காலம் திருகாணி முடுக்கினேன். பிறகு ஏர்கோன், அதாவது ஏசி, வேலை பழகினேன். கூலாய்க்கும் சேனாய்க்கும் நடுவில் ஒரு குளிர்கிடங்குக் கம்பெனி இருந்தது. மெர்சிங்கிலிருந்து மீன் வந்து இங்கே இறங்கும். பிரித்து வேறு லாரிகளில் ஏற்றினால் சிங்கப்பூருக்குப் போகும். அங்கே ஏர்கோன் ஆளாகச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் அறையின் ஏர்கோன் அடிக்கடி கெடும். போய்ப் போய்ப் பார்த்ததில், இந்த டேப்பை மாற்று என்றார்கள், மாற்றினேன். அந்த டிஸ்க்கைக் கழற்று என்றார்கள், கழற்றினேன். ஒருநாள் ஏர்கோனுக்கு வேறு ஆள் போட்டார்கள். நான் உள்ளேயே தங்கிவிட்டேன். நான் பயின்ற கதை இவ்வளவுதான்.

அறையின் மேலாளர் வள்ளியப்பன் சார். செட்டிநாட்டுக் குடும்பம். அவர் அப்பாவுக்கு ஜொகூர் பாருவில் கடை இருந்தது. சிங்கப்பூரில் படித்தவர். என்னைவிட வயதில் இளையவர். ஒருநாளும் என்னை ஒருமையில் கூப்பிட்டதில்லை. குரலை உயர்த்தியதும் இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை யாரும் பேச மாட்டோம். முடியாது என்ற வார்த்தை அவர் வாயில் வராது. ‘பார்க்கலாம்’ என்பார். அவர் பார்க்கலாம் என்றால் அந்தப் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

வேலையை அவர்தான் சொல்லிக்கொடுத்தார். நன்றாகவே சொல்லிக்கொடுத்தார். அதை மறைத்து எழுத மாட்டேன்.

எங்கள் அறையில் இருந்தவை பெரும்பாலும் விஎம்கள். ஓர் இரும்புப் பெட்டிக்குள் பல கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல் ஓடும். கணக்குப் பகுதிக்கு ஒன்று, கிடங்குக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தனக்கென்று சொந்தமாக ஒரு டிஸ்க் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். உண்மையில் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே டிஸ்க் அலமாரி. அதனால் ஒரு விஎம் மெதுவானால் காரணம் அதற்குள்ளேயே இருக்கலாம், பெட்டியில் இருக்கலாம், அலமாரியில் இருக்கலாம், பக்கத்து விஎம்மிலும் இருக்கலாம்.

“முதல்ல உள்ள கேளுங்க, முனியாண்டி. அப்புறம் பெட்டியைக் கேளுங்க. கடைசியா அடியில கேளுங்க. மூணு பதிலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. அதுக்கு முன்னாடி வாயத் திறக்காதீங்க,” என்பார்.

கேட்பது என்றால், டிஸ்க்கிடம் ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதில் வர எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று அளப்பது. மூன்று இடத்திலும் அளக்க வேண்டும். இதைச் செய்யாமல் விஎம்மை அணைத்துப் போட்டால் அவருக்குப் பிடிக்காது. “அணைச்சா சரியாயிடும். ஏன் கெட்டதுன்னு தெரியாமலே போயிடும்,” என்பார்.

ஒருமுறை கணக்குப் பகுதியின் விஎம் மெதுவானது. உள்ளே கேட்டேன், பெட்டியைக் கேட்டேன், அடியில் கேட்டேன். படிப்பது எல்லா இடத்திலும் வேகம். எழுதுவது மட்டும் எல்லா இடத்திலும் மந்தம். அலமாரிக்குள் ஒரு சின்ன பேட்டரி உண்டு. கரண்ட் போனாலும், எழுத வந்ததை நினைவில் வைத்துக் காப்பாற்றுவது அதன் வேலை. பேட்டரி செத்துவிட்டது. அந்தத் துணை இல்லாததால் அலமாரி எதையும் நினைவில் வைக்காமல் ஒவ்வொன்றாக டிஸ்க்கில் எழுதிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டது. பேட்டரியை மாற்றினோம். “பயந்துகிட்டே வேலை செய்யற ஆளு மாதிரி,” என்றார் சார். அவர் அடித்த ஒரே ஜோக் அதுதான். நாங்கள் சிரித்தோம்.

அவர் வைத்திருந்த இன்னொரு விதி படம் பற்றியது. கதையே அதில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

விஎம்மில் எதையாவது மாற்றப்போகிறோம் என்றால் அதற்கு முன் ஸ்னாப்ஷாட் எடுப்போம். எங்கள் பேச்சில் படம். மாற்றியது கெட்டுப்போனால் படம் எடுத்த நிலைக்குத் திரும்பிவிடலாம். படம் என்ற பெயரால் பலர் அதை நகல் என்று நினைக்கிறார்கள். நகல் இல்லை. எழுதிய தாளை அப்படியே மூடி, அதன்மேல் ஒரு கண்ணாடித்தாளைப் போட்டு, இனி எழுதுவதை எல்லாம் கண்ணாடித்தாளில் எழுதுவது. திரும்ப வேண்டுமானால் கண்ணாடித்தாளை எறிந்துவிடலாம். திரும்ப வேண்டாம் என்றால் அதில் உள்ளதைக் கீழ்த்தாளில் சேர்த்து எழுதிவிட வேண்டும். அதைத்தான் படத்தை அழிப்பது என்போம். அழிக்காமல் விட்டால் கண்ணாடித்தாள் தடித்துக்கொண்டே போகும். மேலே இன்னொரு படம் எடுத்தால் இன்னொரு தாள் விழும்.

சாரின் விதி: படம் எடுத்தவர்தான் அழிக்க வேண்டும். வேலை சரியாக ஓடுகிறது என்று தெரிந்த உடனே அழிக்க வேண்டும். அடுத்தவர் எடுத்த படத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. “நான் திரும்பிப் போற வழிய நீங்க மூடிடக் கூடாது. நீங்க போற வழிய நான் மூடக் கூடாது,” என்பார். நல்ல விதி. இன்றும் நல்ல விதி என்றுதான் சொல்வேன்.

குணா எங்களோடு சேர்ந்தது அதற்குப் பிறகு. குணசேகரன். போலிடெக்னிக் படித்தவன். அவன் அப்பா மெர்சிங் மீன் லாரியில் உதவியாளாக இருந்தவர். எங்களிடம் அதற்கு முன்பு ஒரு கம்பெனிக்காரன் விற்ற கிடங்கு மென்பொருள் இருந்தது. மீன் இறங்கும்போது ஓர் எடை, ஐஸ் உருகிய பிறகு ஏறும்போது ஓர் எடை. அந்த மென்பொருளுக்கு இது புரியாது. பொருள் காணாமல் போய்விட்டதென்று சிவப்பு விளக்கைக் காட்டும். குணாவுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதினான். லாரி வாசலுக்கு வந்ததும் எந்தக் குளிரறை, எந்தக் கதவு என்று சீட்டு அடித்துக் கொடுக்கும். எடை குறைந்தாலும் ஐஸ் எவ்வளவு, மீன் எவ்வளவு என்று பிரித்துவிடும்.

“என் மூத்த புள்ள, அண்ணே,” என்பான். “அழுதா நான்தான் எழுந்திருச்சுப் போவணும். வேற யாரு போவா?”

“இன்னும் கல்யாணம் ஆவல. அதுக்குள்ள மூத்த புள்ளயா?”

“அதான் அண்ணே வசதி. பொண்டாட்டி திட்ட மாட்டா.”

பிறகு கல்யாணமும் ஆனது.

ஒருமுறை அவன் செய்த மாற்றம் சொதப்பிவிட்டது. ஒரு காலைப்பொழுது முழுக்கச் சீட்டுகள் தப்புக் கதவுக்கு அடித்தன. இறால் ஏற்ற வந்தவன் கெளுத்தி ஏற்றிக்கொண்டு போனான். குணாவே ஒப்புக்கொண்டு சரிசெய்தான். ஆனால் சார் மறக்கவில்லை. “இனிமே குணா கை வைக்கறதுக்கு முன்னாடி நானே படம் எடுத்துக்கறேன்,” என்றார். அதன்பின் ஒவ்வொரு முறையும் அவரேதான் எடுத்தார். வேலை ஓடுகிறது என்று தெரிந்ததும் அவரேதான் அழித்தார். நாங்கள் பார்க்க, பட்டியலில் இருந்து பெயர் மறையும்.

பிறகுதான் மெதுவானது.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. சீட்டு வரக் கொஞ்சம் தாமதம். அடுத்து இன்னும் கொஞ்சம். வாசல் கவுண்டரில் இருந்தவர் ஃபரிடா, மலாய்க்காரப் பெண்மணி, எங்கள் கம்பெனியின் பழைய ஆள். போன் செய்து மலாயில் சொல்வார். “அபாங், லம்பாட் லா! மெஷின் தூங்குது. நான் பொத்தான அமுக்கிட்டு சாப்பிட்டுட்டு வந்துட்டேன், இன்னும் தூங்குது.” அபாங் என்றால் அண்ணன், லம்பாட் என்றால் மெதுவாக. அந்த வார்த்தையைப் பிறகு வருடக்கணக்காக என் காதில் கேட்டேன்.

லாரிகள் வெயிலில் நின்றன. மெர்சிங் லாரி ஓட்டுநர் ராஜு வந்து கவுண்டர் சன்னலைத் தட்டுவார். “அலமாக்! அட, என்னா பாஸ் இது? ஐஸ் எல்லாம் தண்ணியாவுது. உங்க கம்ப்யூட்டர் தவம் பண்ணுதா? இன்னும் கொஞ்ச நேரம் போனா மீனு நீந்தியே சிங்கப்பூர் போயிடும்.”

ஃபரிடாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மீன், சிங்கப்பூர் இரண்டும் புரிந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பு போகப் போகக் குறைந்தது.

எல்லோரும் ஒன்றைக் கவனித்தார்கள். குணா எப்போதெல்லாம் புரோகிராமை மாற்றுகிறானோ அப்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் மெதுவாகிறது. மாற்றாத மாதத்தில் அவ்வளவாக மோசமாவதில்லை. இது உண்மை. நானும் கவனித்தேன். குணாவே கவனித்தான்.

உள்ளே கேட்டோம். காத்திருப்பு அதிகம். பெட்டியைக் கேட்டோம். அங்கேயும் அதிகம். அடியில் கேட்டோம். அலமாரி ஒவ்வொரு கேள்விக்கும் சட்டென்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் உள்ளே ஒன்று கேட்டால் அடியில் பல கேள்விகள் வந்து விழுந்தன. சார் மூன்று பதிலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “டிஸ்க் நல்லா இருக்கு. புரோகிராம்தான் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்குது. எழுதின விதம் அப்படி,” என்றார். படங்களின் பட்டியலையும் திறந்து காட்டினார். காலி. அவர் சொன்னதில் அப்போது தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. குணாவும் தலையை ஆட்டினான்.

அன்றிலிருந்து தன் புரோகிராமை வரிவரியாகப் பிரித்துத் திருப்பி எழுதினான். எழுதியதைப் போடுவான். போடும் முன் சார் படம் எடுப்பார். போட்டதும் இன்னும் மெதுவாகும். திரும்ப உட்கார்ந்து எழுதுவான். மதியச் சாப்பாட்டுக்கும் வருவதில்லை. பழைய தமாஷ் போய்விட்டது.

“எங்கயோ முட்டாத்தனமா ஒண்ணு எழுதியிருக்கேன், அண்ணே. என் கண்ணுக்கு மட்டும் தெரிய மாட்டேங்குது.”

இயக்குநர் மிஸ் டான் சிங்கப்பூரிலிருந்து வந்தார். குளிர்கிடங்கில் கோட்டைக் கழற்றாதது சரி, அலுவலகத்திலும் கழற்றாமல்தான் உட்கார்ந்திருப்பார். அதிகம் பேச மாட்டார். புரோகிராமா, மெஷினா என்று மட்டும் கேட்டார். புரோகிராம்தான் என்று சார் சொன்னார். சீனப் புத்தாண்டுப் பெருநாள்வரை பார்ப்பது, சரியாகாவிட்டால் சிங்கப்பூரில் விற்கும் ஒரு தயார் மென்பொருளை வாங்குவது, குணாவை அனுப்பிவிடுவது என்று முடிவானது. குணா அப்போதுதான் கூலாயில் புது வீடு வாங்கிச் சாவி பெற்றிருந்தான். மனைவி கர்ப்பம்.

பெருநாளுக்கு முந்தின வாரம் அலமாரியில் இடம் நிறைந்துவிட்டதாகக் கணக்குப் பகுதிக்குச் செய்தி வந்தது. வேண்டாத பழைய கோப்புகள் இருந்தால் எடுத்துவிடலாம் என்று ஒவ்வொரு விஎம்மின் கோப்புறையாகத் திறந்தேன். குணாவுடையதைத் திறந்தபோது ஒரே பெயரில், வாலில் மட்டும் எண் மாறி மாறி, கோப்புகள் அடுக்காக இருந்தன. படம் எடுத்தால் உண்டாகும் கோப்புகள். கடைசியில் இருந்ததில் அந்த நிமிடமும் ஏதோ எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. தேதிகளைப் பார்த்தேன். எல்லாம் குணா மாற்றம் செய்த நாள்கள். படங்களின் பட்டியலைத் திறந்தேன். காலி.

எனக்குப் புரியவில்லை. சாரைக் கூப்பிட்டேன். அவருக்கு என்னைவிட வேகமாகப் புரிந்தது. நின்றுகொண்டே பார்த்தவர் மெல்ல உட்கார்ந்தார்.

“நான் அழிச்சேன், முனியாண்டி.”

“அழிச்சீங்க, சார். நானே பார்த்தேன்.”

“லிஸ்ட்ல இல்லியே.”

“லிஸ்ட்ல இல்ல.”

அவரே விளக்கினார். படத்தை அழித்தால் கண்ணாடித்தாளில் உள்ளதைக் கீழே சேர்க்க வேண்டும். சேர்க்க அலமாரியில் இடம் வேண்டும். இடம் போதவில்லை. எங்களிடம் இருந்தது விஎம் மென்பொருளின் பழைய பதிப்பு. அது பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிட்டு, சேர்க்க முடியாமல் தாளை அப்படியே விட்டுவிட்டது. ஒரு வார்த்தை எச்சரிக்கை கிடையாது. இப்போதைய பதிப்புகள் சொல்லும் என்கிறார்கள். அடுத்த மாற்றத்துக்கு அவர் எடுத்த படம் அதன்மேல் இன்னொரு தாளாக விழுந்தது. அப்படியே ஒன்றன்மேல் ஒன்று. உள்ளே ஒன்று கேட்டால், மேல்தாளில் இருக்கிறதா, இல்லை, அடுத்ததில் இருக்கிறதா, இல்லை என்று அடிவரை தேடிக்கொண்டு போயிருக்கிறது. அலமாரிக்குப் பல கேள்விகள் வந்தது அதனால்.

குணாவின் மாற்றம் எதையும் மெதுவாக்கவில்லை. மாற்றத்துக்கு முன் எடுத்த படம்தான் மெதுவாக்கியது. அவனை நம்பாமல் எடுத்த படம்.

“அப்ப குணா மேல தப்பு இல்ல, சார்.”

“முதல்ல இதச் சரி பண்ணுவோம்,” என்றார்.

அதுவரை அவர் செய்ததில் நான் குறை சொல்ல மாட்டேன். அழிக்க வேண்டியதை அழித்தார். மெஷின் அழிக்கவில்லை. யாருக்கும் நடக்கும்.

பெருநாள் விடுமுறையில் லாரி வராது. அன்று காலை இருவரும் போனோம். அவர் வேலை செய்ததை இப்போதும் கண்ணில் பார்க்கிறேன். அவசரமே இல்லை. முதலில் சம்பள விஎம்மை உதிரியாக இருந்த ஒரு டிஸ்க்குக்கு நகர்த்தி இடம் உண்டாக்கினார். குணாவின் தரவு முழுவதையும் தனியே டேப்பில் எடுத்து, டேப்பிலிருந்து திரும்பப் படிக்க வருகிறதா என்று சோதித்தார். பிறகு விஎம்மை ஒழுங்காக நிறுத்தினார். பட்டியல் காலியாக இருப்பதால் அழி என்று சொல்ல எதுவும் இல்லை. அதனால் புதிதாக ஒரு படம் எடுத்து, எல்லாவற்றையும் அழி என்ற கட்டளையைக் கொடுத்தார். அப்போதுதான் அது அடியில் இருக்கும் தாள்களையும் சேர்த்து எடுக்கும்.

வேலை எவ்வளவு முடிந்தது என்று திரையில் காட்டும் கோடு நகர்ந்து நகர்ந்து கடைசிக்கு வந்து நின்றுவிட்டது. அசையவில்லை. அந்த இடத்தில்தான் பலர் பயந்துபோய் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் எல்லாம் போச்சு.

“கைய எடுத்து மடியில வைங்க, முனியாண்டி,” என்றார். அவரும் வைத்துக்கொண்டார். வெயில் ஏறி, மதியம் தாண்டியது. பக்கத்துக் கடைகள் எல்லாம் மூடியிருந்ததால் அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த இட்லியைப் பிரித்துக் கொடுத்தார். சாப்பிட்டு முடித்த பிறகு கோடு முடிந்தது. கோப்புறையைத் திறந்தோம். ஒரே ஒரு டிஸ்க். அடுக்கு இல்லை.

விடுமுறை முடிந்து ஃபரிடா போன் செய்தார். “அபாங், என்ன மருந்து கொடுத்தீங்க? பொத்தான்ல விரல் வெச்சிருக்கேன், சீட்டு வந்துடுச்சு!” பின்னால் ராஜுவின் குரல். “ஏய், டீ சொல்லிட்டு வந்தேன்யா! இப்ப யாரு குடிக்கறது?”

குணா அடித்த கடைசித் திருத்தம்தான் காரணம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அப்படியென்றால் முன்பு இருந்தது அவன் தப்புதான் என்றும் ஆயிற்று. குணாவுக்கே குழப்பம். “எந்த வரியால சரியாச்சுன்னு தெரியல, அண்ணே,” என்றான். சார் சொல்வார் என்று காத்திருந்தேன். மிஸ் டானுக்கு அவர் அனுப்பிய அறிக்கையில் ‘பராமரிப்புக்குப் பின் வேகம் சீரானது’ என்று இருந்தது. படம் பற்றி எதுவும் இல்லை. பெருநாளுக்கு முன்பே புது மென்பொருள் பேசியாகிவிட்டதால் குணாவின் கடைசி நாள் குறித்தது குறித்தபடியே நின்றது.

அறையில் யாரும் இல்லாதபோது கேட்டேன்.

“சார், குணாவுக்கு ஒரு வார்த்த சொல்லணும்.”

“சொல்லலாம்.”

“மேலயும் சொல்லணும், சார். அவன் வேல போவுது.”

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். காத்திருந்தேன்.

“மேல இருக்கறவங்களுக்கு இதெல்லாம் விளங்காது, முனியாண்டி. நம்ம ரூம் தப்புன்னு மட்டும்தான் விளங்கும். ரூமையே மூடிடுவாங்க. நீங்க எங்க போவீங்க?”

“குணா எங்க போவான், சார்?”

“பார்க்கலாம்,” என்றார்.

அடுத்த வாரம் மிஸ் டான் புது மென்பொருள் ஆட்களோடு வந்தார். அலமாரியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்க என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். சொன்னேன். வெளியே போகத் திரும்பியபோது மிஸ் டான் சும்மா ஒரு பேச்சுக்காகக் கேட்டார்: இப்போது மட்டும் எப்படி வேகமாக இருக்கிறது?

மலாயில் சொன்னேன். எனக்கு அதுதான் சரளமாக வரும். பழைய படங்கள் அழியாமல் அடுக்கிக்கொண்டிருந்தன, அவற்றை எடுத்தோம், குணாவின் புரோகிராமில் தப்பில்லை, எப்போதும் இருந்ததில்லை என்றேன். படங்களை யார் எடுத்தது என்று கேட்டார். வள்ளியப்பன் சார் என்றேன். அதையும் சொல்லியாக வேண்டும். அழித்ததும் அவர்தான், மெஷின் அழிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

மிஸ் டான் சாரைப் பார்த்தார். “உண்மையா?” சார், “உண்மை,” என்றார். கண்ணாடியைத் தொடவில்லை. 

மிஸ் டான் கொஞ்சம் யோசித்தார். பிறகு, “சரி, இப்போது வேகமாக இருக்கிறது. புதியதற்குக் கையெழுத்துப் போட்டாயிற்று,” என்றார். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். அறையையும் மூடவில்லை. குணாவையும் வைத்துக்கொள்ளவில்லை. நான் சொன்னதற்கு அங்கே ஓர் எடையும் இல்லை. ஈ பறந்து போனதுபோல்.

அப்படித்தான் நினைத்தேன். எடை வேறு இடத்தில் விழுந்தது எனக்குத் தெரியாது.

குணா வேலையை விட்ட மாதம், கூலாய் பேருந்து நிலையம் பக்கத்து உணவுக்கடையில் அவனைப் பார்த்தேன். தேநீர் சொன்னான். கூட்டத்தில் நடந்தது அவன் காதுக்குப் போயிருந்தது.

“நீங்க எனக்காகப் பேசினீங்கன்னு ஃபரிடா சொன்னா, அண்ணே.”

“பேசி என்னா? ஒண்ணும் நடக்கல.”

“நடந்துச்சு.” டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். “சார் எனக்குச் சேனாய்ல ஒரு வேல பேசி வெச்சிருந்தாரு. அவர் கூட்டாளி ஃபேக்டரி. புரோகிராம் வேலதான். அடுத்த மாசம் வந்து சேருன்னு சொல்லிட்டாங்க. என்கிட்ட மட்டும் சொன்னாரு. சத்தமில்லாமப் போ, நான் பாத்துக்கறேன்னாரு. ஏன் இவ்வளவு நல்லவரா இருக்காருன்னு எனக்கே ஆச்சரியம்.”

என் டம்ளரைக் கீழே வைத்தேன்.

“நீங்க மீட்டிங்ல பேசின மறுநாள் சேனாய்ல இருந்து போன். இடம் இல்லையாம்.”

“அவரக் கேட்டியா?”

“கேட்டேன். பார்க்கலாம்னாரு.”

கடைக்காரன் ரொட்டியை வீசி வீசித் தட்டிக்கொண்டிருந்தான். குணா அதையே பார்த்தான்.

“எம்மேல தப்பு இல்லன்னு நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியும், அண்ணே. எத்தன மாசம் என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன். அதுக்கு உங்களக் கும்பிடணும். ஆனா…” நிறுத்தினான். “எது வேணும்னு என்னக் கேட்டிருந்தா, வேலதான் வேணும்னு சொல்லியிருப்பேன்.”

தேநீருக்கு அவனே காசு கொடுத்தான். என்னைக் கொடுக்க விடவில்லை.

சாரும் நானும் அதே அறையில் நான் ஓய்வு பெறும்வரை வேலை செய்தோம். அவர் என்னைப் பழிவாங்கவில்லை. மரியாதை குறையவில்லை. புது மென்பொருளுக்கு ஐஸ் எடை விளங்காமல் லாரிகள் திரும்பவும் வாசலில் நின்றன. அதற்கு யார்மேலும் பழி வரவில்லை. அந்த மென்பொருள் ஊரில் யார் வீட்டுப் பிள்ளையும் இல்லை.

குணாவுக்குப் புரோகிராம் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. எங்கள் வட்டாரத்தில் முன்பு வேலை பார்த்த இடத்தில்தான் முதலில் விசாரிப்பார்கள். இருட்டோடு எழுந்து பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போய் ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றும் வண்டி ஓட்டுகிறான். வீட்டை விட்டுவிடவில்லை. கல்யாண வீடுகளில் பார்த்தால் எழுந்து எனக்கு நாற்காலி தருவான். எல்லாம் பேசுவான். கம்ப்யூட்டர் பேச்சை மட்டும் எடுக்க மாட்டான்.

போன மாதம் ஒரு விருந்தில் அவன் மகன் பக்கத்தில் இருந்தான். நன்றாக வளர்ந்துவிட்டான். கூலாய் பக்கம் பெரிய பெரிய டேட்டா சென்டர் கட்டுகிறார்களே, அந்தப் படிப்புப் படிக்கட்டுமா என்று என்னைக் கேட்டான். நான் பதில் சொல்வதற்கு முன் குணா சொன்னான்:

“வெல்டிங் படிடா. ஒட்டுச்சா ஒட்டலியான்னு எல்லாருமே பார்க்கலாம்.”